சட்டசபையில் ‘ஆம்’ சொன்னா சட்டமா? 12 மணி நேர வேலை மசோதா கடந்து வந்த பாதை

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் தமிழ்நாடு சட்டப்பேரவையின் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு அன்றுதான் கடைசி நாள். அன்றைய பட்டியலில் இருந்த மசோதாக்களில் ஒன்று, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் கொண்டு வந்த தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) சட்டமுன்வடிவு.

எதிர்ப்பு வந்தது, அதுவும் ஆளுங்கட்சிக் கூட்டணிக்குள் இருந்தே. காங்கிரஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், இந்திய கம்யூனிஸ்ட், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கட்சிகளின் உறுப்பினர்கள் மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அரசு பிடி கொடுக்கவில்லை. அவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். குரல் வாக்கெடுப்பு நடந்தது. மசோதா நிறைவேறியது.

பத்தே நாளில், மே 1-ம் தேதி, அதே மசோதா திரும்பப் பெறப்படுவதாக அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஒரு ஆளுங்கட்சி பெரும்பான்மையோடு நிறைவேற்றிய மசோதாவைத் தானே கைவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. அந்த மசோதாவில் அப்படி என்னதான் இருந்தது? சபைக்குள் அது எப்படி நகர்ந்தது? சட்டமாகாமல் நின்றது எப்படி?

மசோதாவில் என்ன இருந்தது?

அப்போது இந்தியா முழுக்க தொழிற்சாலைகளுக்குப் பொருந்தியது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். மத்திய அரசின் சட்டம். வேலை நேரத்துக்கு அது போட்ட வேலிகள் இவை:

• பிரிவு 51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
• பிரிவு 52: வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.
• பிரிவு 54: ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9 மணி நேரம்.
• பிரிவு 55: தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு.
• பிரிவு 56: ஓய்வு நேரத்தையும் சேர்த்து, உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.
• பிரிவு 59: கூடுதல் நேரம் வேலை பார்த்தால் இரண்டு மடங்கு சம்பளம்.

தமிழ்நாடு அரசு புதிதாகச் சேர்க்க நினைத்தது 65-ஏ என்ற ஒரே ஒரு பிரிவு. மேலே உள்ள ஆறு பிரிவுகளில் எதிலிருந்தும், அல்லது எல்லாவற்றிலிருந்தும், ஒரு தொழிற்சாலைக்கோ தொழிற்சாலைகளின் ஒரு குழுவுக்கோ மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். இதற்குத் தேவையான நிபந்தனைகளை அரசே அறிவிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ‘எல்லாரும் 12 மணி நேரம் வேலை பாருங்க’ என்று அந்தப் பிரிவு உத்தரவு போடவில்லை. யாருக்கு, எவ்வளவு விலக்கு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்தது.

அப்படின்னா பழைய சட்டத்தில் விலக்கே கிடையாதா? இருந்தது. ஆனால் அந்த விலக்குக்கும் உச்சவரம்பு இருந்தது. பிரிவு 65-ன்படி விலக்கு கொடுத்தாலும், ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஓவர்டைமோடு சேர்த்து 60 மணி நேரம், மூன்று மாதத்துக்கு 75 மணி நேர ஓவர்டைம் என்று சட்டத்திலேயே எண்கள் இருந்தன. தொழிற்சங்கங்களின் கவலை இங்கேதான் தொடங்கியது. சட்டத்தில் எழுதி வைத்த எண்ணை மாற்ற வேண்டும் என்றால் சபைக்கு வர வேண்டும். அறிவிக்கையில் இருக்கும் எண்ணை மாற்ற, இன்னொரு அறிவிக்கை போதும்.

இரண்டு கணக்குகள்

அரசு சொன்ன கணக்கு எளிமையானது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வீதம் 4 நாள் வேலை பார்த்தால் 48 மணி நேரம். வார வரம்பு மாறாது. மூன்று நாள் விடுமுறை. எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் இது கிடையாது, விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். மின்னணுப் பொருள் உற்பத்தி போன்ற துறைகளில் முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வு கேட்கின்றன என்று அப்போது தொழில்துறை அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு விளக்கம் கொடுத்தார். இதில் பக்கத்து மாநிலப் போட்டியும் உண்டு. 2023 பிப்ரவரியில்தான் கர்நாடக சட்டசபை 12 மணி நேர ஷிப்டுக்கு வழி செய்யும் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது.

தொழிற்சங்கங்கள் போட்ட கணக்கு வேற. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 12 மணி நேர ஷிப்ட், அதோடு ஓய்வு இடைவேளை, கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும் வரை கிட்டத்தட்ட 15 மணி நேரம் போய்விடும். மிச்சம் இருக்கும் 9 மணி நேரத்தில்தான் தூக்கம், சமையல், துணி துவைப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம்.

‘விரும்பினால்தான்’ என்ற வார்த்தை மீதும் கேள்வி வந்தது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மேலாளர் முன்னால் போய், ‘எனக்கு விருப்பம் இல்லைங்க’ என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே வேலையில் இருக்க முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி.

சபைக்குள் ஒரு மசோதா எப்படி நகரும்?

பேரவையின் ஒரு நாள், சபாநாயகர் திருக்குறள் வாசிப்பதோடு தொடங்கும். அடுத்து கேள்வி நேரம். அதற்குப் பிறகு அவசரப் பிரச்சினைகள், கவன ஈர்ப்புத் தீர்மானங்கள். பட்ஜெட் கூட்டத்தொடர் என்றால் துறைவாரி மானியக் கோரிக்கைகள் மீது விவாதம். மசோதாக்கள் பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். செய்திச் சேனல்களில் நாம் பார்க்கும் காரசாரமான காட்சிகள் பெரும்பாலும் முதல் பாதியில் வருபவை. சட்டம் பிறக்கும் பகுதியில் பரபரப்பு குறைவு.

ஒரு மசோதாவுக்கு மூன்று கட்டம் உண்டு.

முதல் கட்டம், அறிமுகம். அமைச்சர் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்பார். அனுமதி கிடைத்ததும் அது உறுப்பினர்கள் கைக்குப் போகும். கடைசிப் பக்கத்தில் ‘நோக்கக் காரண விளக்கவுரை’ என்று ஒரு பகுதி இருக்கும். இந்த மசோதா ஏன் தேவை என்று அரசு தன் வார்த்தையில் சொல்வது அதில்தான்.

இரண்டாவது கட்டம், ஆய்வு. உறுப்பினர்கள் பேசலாம், திருத்தம் கொடுக்கலாம், தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லலாம். பிறகு ஒவ்வொரு பிரிவாக ஓட்டுக்கு விடப்படும்.

மூன்றாவது கட்டம், நிறைவேற்றம். மொத்த மசோதாவுக்கும் ஒரு ஓட்டு.

படிக்கும்போது நீளமாகத் தெரிகிறது. நடக்கும்போது இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் அடுத்தடுத்து சில நிமிடங்களில்கூட முடிந்துவிடும். மாநில சட்டசபைகளின் செயல்பாட்டை ஆண்டுதோறும் தொகுக்கும் பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் அறிக்கைகளைப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் நாடு முழுக்க மாநிலங்களில் கிட்டத்தட்ட பாதி மசோதாக்கள் அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறியிருக்கின்றன. அந்த அளவுகோலில் பார்த்தால் 12 மணி நேர வேலை மசோதாவுக்கு நேரம் அதிகமாகவே கிடைத்தது. அது அறிமுகமானது ஏப்ரல் 12. நிறைவேறியது ஏப்ரல் 21. நடுவில் ஒன்பது நாள் இருந்தது. ஆனாலும் பெரிய சத்தம் எழுந்தது மசோதா நிறைவேறிய பிறகுதான்.

யார் ‘இல்லை’ சொன்னாங்க?

குரல் வாக்கெடுப்பில் ஓட்டுகளை யாரும் எண்ணுவதில்லை. ஆதரிப்பவர்களை ‘ஆம்’ என்று சொல்லச் சொல்வார் சபாநாயகர். அடுத்து எதிர்ப்பவர்களை ‘இல்லை’ என்று சொல்லச் சொல்வார். எந்தக் குரல் அதிகம் என்று அவர் காதில் விழுந்ததை வைத்து முடிவை அறிவிப்பார். எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்ற பெயர்ப் பட்டியல் இருக்காது.

பெயரும் எண்ணும் பதிவாக வேண்டும் என்றால் டிவிஷன் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும் உதாரணம் 2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரிய அன்று உறுப்பினர்களை எண்ணித்தான் முடிவு சொன்னார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. அப்படி ஒரு எண் 12 மணி நேர வேலை மசோதாவுக்குக் கிடையாது.

வெளிநடப்பு செய்தால் என்ன ஆகும்? அரசியலமைப்பின் 189-வது பிரிவின்படி, ஒரு மசோதா நிறைவேற, சபையில் இருந்து ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். 234 பேரில் பாதி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே போனவர்களின் எதிர்ப்பு செய்தியில் பதிவாகும். ஓட்டுக் கணக்கில் வராது. சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு. தமிழ்நாட்டுக்கு அது 24 பேர்.

சரி, உள்ளேயே இருந்து எல்லாரும் ‘இல்லை’ சொல்லியிருந்தால் தோற்றிருக்குமா? வாய்ப்பே இல்லை. 2021 தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் மட்டும் வென்றவர்கள் 133 பேர். 118 இருந்தாலே பெரும்பான்மை. கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால் கொறடா உத்தரவை மீறி ஆளுங்கட்சி உறுப்பினர் யாரும் மாற்றி ஓட்டுப் போடவும் முடியாது. போட்டால் பதவியே போகலாம். தன் தொகுதியில் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் இருந்தாலும் இதுதான் நிலை. ஆக, ஏப்ரல் 21 அன்று முடிவு என்ன என்பது காலையிலேயே தெரிந்த விஷயம். உள்ளே இருந்து டிவிஷன் கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்காது. ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது சபைக் குறிப்பில் நிரந்தரமாகப் பதிவாகியிருக்கும்.

அடுத்த பத்து நாள்

வெள்ளிக்கிழமை மசோதா நிறைவேறியது. அந்த வாரக் கடைசியிலேயே எதிர்ப்பு பெரிதானது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் பற்றிப் பேசத் தொடங்கின. ஆளுங்கட்சிக்கு அதிக நெருக்கடி கொடுத்தது, திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டதுதான்.

ஏப்ரல் 24, திங்கட்கிழமை. தலைமைச் செயலகத்தில் அமைச்சர்கள் தொழிற்சங்கப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார்கள். அன்று மாலையே, மசோதா மீதான மேல் நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

மே 1, அடுத்த திங்கட்கிழமை. சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நடந்த நிகழ்ச்சியில், மசோதா திரும்பப் பெறப்பட்டதாக ஸ்டாலின் அறிவித்தார். அந்த நாளுக்கு இன்னொரு கனமும் உண்டு. இந்தியாவின் முதல் மே தினம் கொண்டாடப்பட்டது சென்னையில்தான். 1923 மே 1 அன்று அதை நடத்தியவர் ம.சிங்காரவேலர். அதன் நூறாவது ஆண்டு நிறைவு நாளில், எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தை நினைவுகூரும் மேடையில், 12 மணி நேர மசோதாவை வைத்துக்கொண்டு எந்த முதல்வராலும் பேசியிருக்க முடியாது.

சபை நிறைவேற்றினாலே சட்டம் இல்லையா?

இல்லை. சபை நிறைவேற்றிய மசோதா, அரசியலமைப்பின் 200-வது பிரிவின்படி ஆளுநரிடம் போக வேண்டும். அவர் ஒப்புதல் கொடுக்கலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பலாம். நிதி மசோதா தவிர மற்றவற்றைத் திருப்பியும் அனுப்பலாம்.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது தமிழ்நாட்டில் பெரிய வழக்காகவே மாறியது. 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களை, நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி பேரவை மீண்டும் நிறைவேற்றியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆளுநர் முடிவெடுக்கக் காலக்கெடுவும் வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்று கருத்துச் சொன்னது.

வேலை நேர மசோதாவுக்கு இன்னொரு படியும் இருந்தது. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் வருகிறது; மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநில அரசும் போடலாம். மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், அது மாநிலத்தில் செல்லுபடியாக 254-வது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஆக, ஏப்ரல் 21 மாலையில் அந்த மசோதா சட்டமாக இன்னும் பாதிப் பாதை பாக்கி இருந்தது. தொழிற்சங்கங்களுக்குக் கிடைத்த அவகாசமும் அதுதான்.

அதே நாளில் நிறைவேறிய இன்னொரு மசோதா

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் அதே ஏப்ரல் 21 அன்று பேரவை நிறைவேற்றிய இன்னொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு மசோதா. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலம் தேவைப்படும் பெரிய திட்டங்களுக்காக, அந்தப் பரப்புக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைகள் வந்தாலும் நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்க அது வழி செய்தது. பெரிய விவாதம் இல்லாமலே அது நிறைவேறியது.

பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழலியல் அமைப்புகளும் விவசாய சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. நீர்நிலைகள் பறிபோகும் என்றார்கள். ஆனால் 12 மணி நேர வேலை அளவுக்கு இந்த விஷயம் பொதுப் பேச்சாகவில்லை. ‘12 மணி நேரம்’ என்றால் கேட்ட நொடியில் புரிகிறது. ‘நில ஒருங்கிணைப்பு’ என்றால் என்னவென்று யாராவது விளக்க வேண்டியிருக்கிறது. அந்த மசோதா ஆளுநரின் ஒப்புதலும் பெற்று சட்டமாகிவிட்டது.

ஒரே நாள், ஒரே சபை, ஒரே குரல் வாக்கெடுப்பு முறை. ஒன்று பத்து நாளில் திரும்பிவிட்டது. இன்னொன்று சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரிய வித்தியாசம், எத்தனை பேர் காதுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

ஐடி-ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பொருந்தியிருக்குமா?

நேரடியாகப் பொருந்தியிருக்காது. தொழிற்சாலைகள் சட்டம் உற்பத்தி நடக்கும் இடங்களுக்கானது. தமிழ்நாட்டில் ஐடி அலுவலகங்கள், கடைகள், தனியார் அலுவலகங்கள் 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு இருக்கிறது. ‘லாக்-அவுட் பண்ணவே ராத்திரி பத்து ஆகுது’ என்று புலம்பும் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

இப்போது தொழிற்சாலைகளுக்கான களமே மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று தொகுப்பு சொல்கிறது. ஆனால் வேலை நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பது போன்ற பல விவரங்கள் அரசுகள் வகுக்கும் விதிகளுக்கும் அறிவிக்கைகளுக்கும் விடப்பட்டுள்ளன. 65-ஏ விவகாரத்தில் தொழிற்சங்கங்கள் பயந்த அதே இடம் இது. ஒரு விதியின் வரைவு அரசிதழில் வெளியாகும், கருத்துச் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள், அவகாசம் முடியும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற குரல்கூட அங்கே கேட்காது.

அடுத்த முறை எதைக் கவனிக்கணும்?

சட்டசபை நடக்கும் நாட்களில் ‘யார் யாரை என்ன சொன்னார்’ என்ற ரீல்ஸ்தான் முதலில் கண்ணில் படும். அதோடு சேர்த்து, ‘இன்று அறிமுகமான மசோதாக்கள்’ என்ற சின்னச் செய்தியையும் ஒரு முறை பார்த்துவிடலாம். அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் இருக்கும் சில நாட்களில்தான் ஒரு வரியை மாற்றச் சொல்லித் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கேட்க முடியும். மசோதா கைக்குக் கிடைத்தால் நோக்கக் காரண விளக்கவுரையிலிருந்து படிக்கத் தொடங்குவது சுலபம். ‘அரசு விலக்கு அளிக்கலாம்’, ‘அறிவிக்கை மூலம்’ போன்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். கூட்டத்தொடரின் கடைசி இரண்டு நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

2023-ல் 12 மணி நேர வேலைக்கு எதிராக மூன்றே நாளில் தொழிற்சங்கங்கள் திரண்டன. அவர்களுக்கு அமைப்பு இருந்தது, மசோதாவைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. சங்கம் இல்லாத அலுவலகங்களில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானவர்களுக்காக அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள்?